பேரைச் சொல்ல வச்ச பொண்ணு

2006-ம் வருஷம், மழைக்காலம். கெளுத்தி மீன் முள்ளு குத்தி என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கி சீழ் வச்சிருச்சு. தாம்பரம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தோம். எங்களுது கடக்கரைக் குப்பம். நான் கீழ்க்கட்டளையில மீன் விக்கிறவ. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனா யாருகிட்டயும் தெரியாதுன்னு சொல்லிப் பழக்கமில்ல.

ரெண்டாம் நாள் காலையில இவரு நல்லா தூங்கிட்டிருந்தாரு. புதுசா ஒரு டாக்டர் வந்து, கையில இருந்த ரத்தப் பரிசோதனை சீட்டைப் பார்த்து ஒரு பேரைச் சொல்லி, "இவர்தானே?"ன்னாரு. இவரு பேருதான். தலையாட்டினேன். அப்புறம் இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாரு. புரியலன்னு சொல்ல ரோஷம் விடல. அதுக்கும் தலையாட்டினேன். ஏதோ எழுதிட்டுப் போனாரு.

கொஞ்ச நேரத்துல வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு வந்து, கட்டில்ல மாட்டியிருந்த சீட்டுங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துச்சு. "நான் பார்மசிஸ்ட்ம்மா. ஐயாவுக்கு எத்தனை வருஷமா சக்கரை?"

எனக்குக் கோவம் வந்திருச்சு. "மருந்துக்கடையில மாத்திரை எடுத்துக் குடுக்கிற பொண்ணுக்கு இங்க இன்னா வேலை? அவருக்கா சக்கரை? ஒரு டீக்கு நாலு கரண்டி சக்கரை கேக்குற மனுசன் அது!"

"அப்ப இன்சுலின் ஊசி ஏன் எழுதியிருக்கு? சக்கரை இல்லாதவருக்கு இதைப் போட்டா உயிருக்கே ஆபத்தும்மா. அவர் பேரும் அவங்கப்பா பேரும் சொல்லுங்க."

கல்யாணம் ஆகி நாப்பது வருஷத்துல நான் அவரு பேரைச் சொன்னதேயில்ல. நாக்கு எழும்பல. அந்தப் பொண்ணும் நகரல. நர்ஸம்மா ஊசித் தட்டோட பக்கத்துக் கட்டில் வரைக்கும் வந்தாச்சு. கண்ணை மூடிக்கிட்டு அவரு பேரையும் மாமனாரு பேரையும் சத்தமா சொல்லிட்டேன்.

இவரு திடுக்குனு முழிச்சாரு. "இன்னாமே, ஊரே கேக்க என் பேரைக் கூவுற? நான் இன்னா, திருவிழாவுல தொலைஞ்சா பூட்டேன்?"

ரத்தச் சீட்டுல இருந்த அப்பா பேரு ஒத்துப் போகல. அந்த ரத்தச் சீட்டு, நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்த, இதே பேருள்ள சக்கரைக்காரரோடது. பொண்ணு நர்ஸம்மாவை நிறுத்திட்டு டாக்டரைக் கூட்டியாந்துச்சு. அவரு, எழுதியிருந்த ஊசியைக் கோடு போட்டு அடிச்சுட்டு, "மன்னிச்சிடுங்கம்மா"ன்னாரு. தலையாட்டினவ நான், எனக்கும்தான் அதுல பங்கு உண்டு. டாக்டருங்க எழுதறதைச் சரிபார்க்கன்னே படிச்சவங்க இருக்காங்கன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

கால் ஆறி இவரு மறுபடியும் கடலுக்குப் போயிட்டாரு. இப்பல்லாம் யாரு மருந்து குடுத்தாலும், யாருக்கு, எதுக்குன்னு கேட்டுத்தான் வாங்குறேன். புரியலன்னா புரியலன்னே சொல்லிடுறேன். அதனால என் கௌரவம் ஒண்ணும் குறைஞ்சு போயிடல.