கிண்ணத்தில் மறுபடி ஊற்றிய தண்ணீர்

அதை உடு அம்மணி, என்ற மருமக தேனீ வளர்த்த கதை தெரியுமா உனக்கு? என்ற மகன் செத்தப்பறம், சொந்தக் கால்ல நிக்கோணும்னு ட்ரெய்னிங் போய் ஒரு பெட்டி வாங்கியாந்தா. எறும்பு ஏறாம இருக்க ஸ்டேண்டுக் கால் நாலுக்கும் அடியில கிண்ணத்துல தண்ணி வெச்சா. எனக்குச் சந்தோசம் தாங்கல. வெள்ளிக்கிழமை அவ சந்தைக்குப் போயிருந்தப்ப, தண்ணியில கொசுப்புழு நெளியுதேன்னு கொட்டிப்போட்டு, பெட்டியச் சுத்திப் பச்சரிசி மாவுல கோலம் போட்டேன். மத்தியானம் பாத்தா, மாவு திங்க வந்த எறும்பு பெட்டிக்குள்ள பூந்து குஞ்சுப்புழுவ இழுத்துட்டுப் போகுது. தேனீ மொத்தமும் ஓடிப்போச்சு. அவ வர்றதுக்குள்ள கோலத்தை அழிச்சு, கிண்ணத்துல மறுபடி தண்ணி ஊத்திப்போட்டேன்.

"எனக்கு எதுவும் தங்காதுங்க அத்தை"ன்னு அழுதா. புருசன் போனன்னைக்கு ஊர் சொன்னதை அவளே சொன்னா. அப்பவும் நான் வாயத் தொறக்கல, இன்னைக்கு வரைக்குந்தான். இரு, மில்லு வேன் சத்தம் கேக்குது. அதுக்கப்பறம் அவ மில்லு வேலைக்குத்தானே போறா, வந்ததும் குளிக்கச் சுடுதண்ணி வெக்கோணும், வாரேன்.