ஏக்கம் என்றொரு பொத்தான்

தஸ்லீமா அக்கா எந்த வாக்கியத்தையும் வாய்விட்டு வாசிக்காமல் விடமாட்டாள். சத்தமாக இல்லை, பக்கத்து நாற்காலிக்குக் கேட்கிற அளவுக்கு. அந்தப் பக்கத்து நாற்காலி என்னுடையது. என் பெயர் சுகப்பிரியா, திருச்சுழிப் பக்கத்துக்காரி, பொறுமை கொஞ்சம் கம்மி. மூன்று வருஷமாக அவள் வாசித்ததையெல்லாம் கேட்ட உரிமையில் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே லோடு இறங்கும் நாட்களில் படியெல்லாம் மூட்டையாக இருக்கும். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டுதான் ஏற வேண்டும். மேலே பத்துப் பெண்கள், காசிராஜன் என்று ஒரு சூப்பர்வைசர், பேருக்கு ஒரு ஏசி. ஊருக்குள் எங்களை டைப்பிங் ஆபீஸ் பிள்ளைகள் என்பார்கள். நாங்கள் டைப் எதுவும் அடிப்பதில்லை. கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம்.

எங்கேயோ இருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் தமிழ் வாக்கியங்களைக் குவியல் குவியலாக அனுப்புவார்கள். எது ஆள் பெயர், எது ஊர்ப் பெயர், எது பொருள் என்று ஒவ்வொன்றிலும் நாங்கள் குறித்துக் கொடுக்க வேண்டும். நாங்கள் குறித்ததைப் பார்த்துப் பார்த்து மிஷின் படித்துக்கொள்ளுமாம். ‘சந்தனம் வாங்கிட்டு வா’ என்றால் பூசுகிற சந்தனம், ‘சந்தனம் ஊருக்கு வந்தாளா’ என்றால் எங்கள் பெரியம்மா மகள். நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. மிஷினுக்கு இதைக்கூட ஆயிரம் தடவை காட்ட வேண்டியிருக்கிறது.

போன வருஷம் வேறு மாதிரி வேலை வந்தது. சம்மதம் கொடுத்தவர்களுடைய போன் பேச்சைப் பேரை மாற்றி எழுத்தில் அனுப்பினார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் என்ன உணர்ச்சி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். திரையில் கீழே வரிசையாகப் பொத்தான்கள்: மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், ஏக்கம், கடைசியில் ஒன்றுமில்லை. ஒரே வாக்கியம் மூன்று பேருக்குத் தனித்தனியாகப் போகும். மூவரும் ஒன்றையே அழுத்தினால் அது தேறிவிட்டது. ஆளுக்கொன்று அழுத்தினால் காசிராஜன் சாரிடம் பஞ்சாயத்துக்குப் போகும்.

தஸ்லீமா அக்கா பந்தல்குடியில் பிறந்தவள். அவள் அத்தா தூத்துக்குடி ரோட்டில் பரோட்டாக் கடை வைத்திருந்தார். லாரிக்காரர்கள் வீட்டுக்குப் போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் அவள். கணக்குப் பாடம் எடுத்துப் பட்டம் வாங்கினாள். அருப்புக்கோட்டையில் ஃபைசலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஃபைசல் சவுதியில் தம்மாம் ஊரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. அதில் சேர்ந்து வாழ்ந்தது எவ்வளவு என்று கேட்டால் அக்கா “ரெண்டு லீவு” என்பாள். மகள் அர்ஷியா அந்த முதல் லீவின் கணக்கு.

அந்த வீட்டில் போனுக்கு ஒரு சட்டம் உண்டு. கல்யாணமான புதிதிலேயே மாமியார் மீரான் பீவி சொல்லிவிட்டார். “வெளிநாட்டுல இருக்க ஆம்பளைய போன்ல வான்னு கூப்பிடக் கூடாதும்மா. அவுக வந்து, இங்க ஏதாச்சும் ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா கூப்பிட்டவ தலையிலதான் விடியும்.” மீரான் பீவி சும்மா சொல்லவில்லை. அவருடைய கணவர் அப்துல் கரீமும் வாலிபம் முழுக்க குவைத்தில் இருந்தவர். உடம்பு முடியாமல் ஊர் வந்து சேர்ந்தார், அதிக நாள் இருக்கவில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் இதே சட்டம்தான். யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

அப்படியானால் போனில் என்னதான் பேசுவார்கள்? மழையைப் பேசுவார்கள். “அங்க மழை பெஞ்சுச்சா?” என்று ஃபைசல் கேட்பார். எங்கள் கரிசல் சீமையில் மழை பெய்துவிட்டால்தான் அது செய்தி. ஆனாலும் வாராவாரம் கேட்பார். “மேகந்தான் வருது, எறங்க மாட்டேங்குது” என்பாள் அக்கா. அப்புறம் ஆடு, பள்ளிக்கூடம், சோற்றுக்கு என்ன ஆணம். பேச்சு முடிந்துவிடும். போனை வைத்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்காது. மனுஷி அன்றைக்கெல்லாம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாள்.

ஐப்பசியில் ஃபைசலுக்கு ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. வரப்போகிறாரா, இன்னும் இரண்டு வருஷம் நீட்டப்போகிறாரா? ஆடி பிறந்ததிலிருந்து அக்காவுக்கு அந்த ஒரே நினைப்புதான். அவரும் கேட்டிருக்கிறார், “ரெண்டு வருஷம் போட்டுறவா?” என்று. இவளும் பதில் சொல்லியிருக்கிறாள், “உங்க இஷ்டம்” என்று. கூடவே, “இங்க இன்னும் மழை இல்ல” என்றும் சொன்னாளாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அவள் நினைப்பு.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் போன் பேச்சு வேலை வந்தது. ‘அங்க மழை பெஞ்சுச்சா?’ என்று ஒரு வாக்கியம் திரையில் வரும். அக்கா அதை முணுமுணுவென்று வாசிப்பாள். அவள் வாசித்தால் ‘அங்க’ என்கிற சொல் நீண்டுகொண்டே போகும். வாசித்துவிட்டு ஏக்கம் என்று அழுத்துவாள். எனக்கும் அதே வாக்கியம் வரும். அவள் குரல் காதில் கிடக்கும், நானும் ஏக்கம். எங்களுக்குப் பின்னால் முருகலட்சுமி, அவள் அண்ணன் ஓமனில் இருக்கிறான்; அவளும் ஏக்கம். எங்கள் மூவருக்கும் பஞ்சாயத்தே வராது. காசிராஜன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. “ஒத்துமையில நம்ம ஆபீஸ்தான் பஸ்ட்டு” என்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

பஜ்ஜி செரிப்பதற்குள் குட்டு உடைந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் அதே வாக்கியங்களில் கொஞ்சத்தைக் கோயம்புத்தூரில் வேறு ஒரு குழுவுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் ஒன்றுமில்லை என்று அழுத்தின இடத்திலெல்லாம் நாங்கள் ஏக்கம். ‘சாப்டியா’ ஏக்கம். ‘பாப்பா தூங்கிருச்சா’ ஏக்கம். ‘ஆடு குட்டி போட்டுச்சா’ அதுவும் ஏக்கம். மொத்தமும் திரும்பி வந்துவிட்டது.

ஆராய்ச்சிக்காரர்கள் தரப்பில் ஒரு மேடம் வீடியோவில் வந்து பேசினார். நல்ல மாதிரிதான் பேசினார். “வாக்கியத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள். பேசினவர் மனசில் என்ன இருந்திருக்கும் என்று நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஆட்டைப் பற்றிக் கேட்டால் ஆட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “ஆடு குட்டி போட்டுச்சான்னு கேக்க யாராச்சும் சவுதியில இருந்து போன் போடுவாங்களா மேடம்?” என்றேன். காசிராஜன் சார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

மேடம் சிரித்தார். “அது உங்களுக்குத் தெரியும். கேட்கிற எல்லாருக்கும் தெரியாது, இல்லையா?” என்றார்.

மூன்று பேரும் தனித்தனியாகச் செய்கிற வேலையில் இத்தனை ஒற்றுமை எப்படி வந்தது என்று அடுத்துக் கேட்டார். தஸ்லீமா அக்கா தானாகவே எழுந்து நின்றாள். “நாந்தான் மேடம் வாய்விட்டு வாசிச்சேன். என் பக்கத்துல இருக்கவுகளுக்கு அப்படியே தொத்திக்கிருச்சு.” இனிமேல் மனசுக்குள்ளேயே வாசிக்கும்படி சொல்லி முடித்தார்கள். திட்டு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் நான் அந்த மேடத்தைத் திட்டிக்கொண்டே டப்பாவைத் திறந்தேன். அக்கா சாப்பிடவில்லை.

“அவுக சொல்றது சரிதான் பிரியா” என்றாள். “இத்தன பேரு படிச்சவுக, நிதானமா உக்காந்து அந்த வாக்கியத்தப் பாத்துருக்காக. அவுகளுக்கே ஒண்ணும் தெரியல. லாரி ஓட்டி அலுத்துப்போய்க் கேக்குறவுகளுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?”

யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு ஒரு கவளம் தாமதமாகத்தான் விளங்கியது. “ஃபைசல் அண்ணனுக்குத் தெரியாமயா இருக்கும்?” என்றேன்.

“நான் இத்தன வருஷமா மழை இல்லன்னுதான சொல்லிருக்கேன். வாங்கன்னு ஒரு தடவைகூட சொன்னதில்லையே.”

“அழுத பிள்ளைதான்க்கா பால் குடிக்கும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. வாயத் தொறந்து சொல்லிரு.”

“மாமிக்குத் தெரிஞ்சா?”

“தெரியட்டும். தலையில விடிஞ்சா என் தலையையும் சேத்துக்க.”

வெள்ளிக்கிழமைதான் ஃபைசலுக்கு ஓய்வு. தொழுகை முடித்துச் சாப்பிட்டுவிட்டு அவர் கூப்பிடும்போது எங்களுக்கு டீ நேரமாக இருக்கும். அக்கா என்னையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள். “நீ பக்கத்துல நில்லு, இல்லன்னா நான் மழைக்குப் போயிருவேன்” என்றாள். அவள் இயர்போனில் ஒரு பக்கம் கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

“சாப்டியா?” என்றார் ஃபைசல்.

“சாப்டேங்க. நீங்க?”

“ஆச்சு. அர்ஷியா ஸ்கூலுக்குப் போனாளா?”

“போயிருக்கா.”

“அங்க மழை பெஞ்சுச்சா?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் முறைத்தேன்.

“மழைய விடுங்க” என்றாள். “நீங்க வந்துருங்க.”

போன் நின்றுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“என்ன சொன்ன?”

“வந்துருங்கன்னு சொன்னேன். ரெண்டு வருஷம் போட வேணாம். எனக்கு நீங்க இங்க வேணும்.” குரலில் இழுவையே இல்லை. கடையில் உப்பு கேட்கிற மாதிரி நேராகக் கேட்டாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை.

“தஸ்லீமா” என்றார் ஃபைசல். “புதன்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேனே” என்றார்.

அக்கா தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ இதச் சொல்லுவியான்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீ உங்க இஷ்டம்னே சொன்ன. சரி, நான் இல்லாமலே உனக்குப் பழகிப்போச்சு போலன்னு நெனச்சேன்.”

“பழகலங்க” என்றாள் அக்கா.

இருவரும் போனை வைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் தறிகள் ஓடும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். கடைசியில் யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் படியிறங்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்தால் பிறகு கோபம் வரும், கோபத்தோடு வேலை பார்த்தால் பொத்தான் மாறிப்போகும்.

அக்கா வந்து உட்கார்ந்தாள். திருப்பிச் செய்ய வேண்டிய வாக்கியங்கள் குவிந்து கிடந்தன. உதடு அசையாமல் வாசித்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று வரிசையாக அழுத்திக்கொண்டே போனாள். என் பக்கம் மழை வாக்கியம் வந்தபோது நான் மட்டும் ஏக்கம் என்றே போட்டேன். பஞ்சாயத்துக்குப் போகட்டும். காசிராஜன் சார் மாற்றினால் மாற்றிக்கொள்ளட்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனை வைப்பதற்கு முன்னால் அக்கா “வந்துருங்க” என்று சொல்கிறாள். ஒப்பந்தம் முடிய இன்னும் வெகுநாள் கிடக்கிறது. சொன்னதால் ஒரு நாளும் குறையப்போவதில்லை. ஆனாலும் சொல்கிறாள். டீ நேரத்தைத் தப்பவிட்டு, வீட்டுக்குப் போன பிறகு பேசிய ஒரு வாரம் அது மீரான் பீவி காதில் விழுந்துவிட்டது. வீட்டில் சில நாள் மாமியார் மருமகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஃபைசல் காத்திருந்த கதையை அவரிடம் சொன்னாளே தவிர, அக்கா அப்போதும் நிறுத்தவில்லை.

போன வெள்ளிக்கிழமை அக்கா லீவு. வீட்டில் இருந்தே பேசியிருக்கிறாள். முடிக்கிற நேரத்தில் மீரான் பீவி கையை நீட்டிப் போனை வாங்கியிருக்கிறார். சட்டம் மீறினதற்கு மகனிடம் பஞ்சாயத்து வைக்கப்போகிறார் என்றுதான் அக்கா நினைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டார். அங்கே வெயில் எப்படி என்று கேட்டார். அப்புறம், “வந்துருப்பா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வைத்த போனை மடியிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாராம். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, “குவைத்துல இருந்தப்ப உங்க மாமாவ நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல. அவுகளும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாகளோ?” என்று கேட்டாராம்.