முதல் பிள்ளையோடு நின்ற விதி

பங்சாரில் ஒரு காப்புறுதி அலுவலகம். மருத்துவச் செலவை ஏற்கலாமா என்று கணினி முடிவெடுக்கும் விதிகளை எழுதுவது என் வேலை. ஒரு காலை ரவாங்கிலிருந்து ஒரு தகப்பன் அழைத்தார்.

"கடைசி மகள வார்டுல சேர்க்கணும் அக்கா. சிஸ்டம் முடியாதுங்குது லா."

பார்த்தேன். அவருடைய காப்புறுதிப் பட்டியலில் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். பழைய விதி முதல் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நின்றிருந்தது. ஒவ்வொரு பெயராகப் பார்க்கும்படி அதை மாற்றினேன். சின்னவளுக்கு அனுமதி வந்ததும் நானே அழைத்துச் சொன்னேன்.

அவர் நன்றி சொன்னார். பிறகு கேட்டார்: "ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களா அக்கா?"

"இன்னும் இல்லண்ணே."

"இவ நல்லானதும் கூட்டிட்டு வரேன்."

சொன்னபடியே ஒரு மதியம் சின்னவளோடு வந்தார். என் மடியில் உட்கார்ந்தவள் இறங்க மாட்டேன் என்றாள்.