அக்னி நட்சத்திரத்தில் ஒரு குரங்குக் குல்லா

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடையில், பூமி மறுபடியும் பனியில் உறைந்துவிடப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் வேறு யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

அப்பா அங்கே ஓர் இரும்பு ஆலையில் உலைப் பக்கம் வேலை பார்த்தார். சித்திரைக் கடைசியில் ஒருநாள் அனல் தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டார். வேலையை விட்டுவிடச் சொல்லி அம்மா தினமும் கெஞ்சுவாள். "வெயில் கொறஞ்சா சரியாப் பூடும்" என்பார் அப்பா.

சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்த சித்தி அப்போதுதான் விடுமுறைக்கு வந்தாள். கடலடிச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, அதிலுள்ள பொடிச் சிப்பிகளை வைத்து, இரண்டு பனிக்காலங்களுக்கு நடுவே வந்த வெப்பக்காலம் எத்தனை காலம் நீடித்தது என்று கணக்கிடுவது அவள் வேலை. ஒன்று பத்தாயிரம் வருஷமாம். இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்காம். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதிலேயே ஆளுக்கொரு கணக்காம்.

"இப்ப நடக்குறது?" என்று கேட்டேன்.

"பதினோராயிரத்து சொச்சம் ஆய்டுச்சுடி."

மனதுக்குள் பத்தாயிரத்தைக் கழித்துப் பார்த்தேன். கெடு தாண்டியே ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது! சித்தி மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதற்குள் அப்பாவின் குரங்குக் குல்லாவைத் தேடி டிரங்குப் பெட்டியைக் குடையப் போய்விட்டேன். மறுநாள் காலை அதை அவருடைய சாப்பாட்டுப் பையில், கேரியருக்கு அடியில் திணித்து வைத்தேன்.

சாயங்காலம் அப்பா குல்லாவை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தார். "உலையாண்ட நின்னுகினு பைய தொறக்குறேன், உள்ள இது கீது. மொத்த ஷெட்டும் சிரிக்குது."

நான் காரணத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னாம்மா, ஐஸ் வரப் போவுதாமே?" என்று சித்தியைக் கேட்டார்.

"ஐயோ, அது இப்போதைக்கு இல்ல மாமா. நாம உடுற பொகைக்கு இன்னும் சூடுதான் ஏறும்."

"எப்போ கொறையும்?"

"நம்ம காலத்துல கொறையாது மாமா."

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. குல்லாவை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

ஆனி பிறப்பதற்குள் அப்பா உலை வேலையை விட்டுவிட்டு, காக்களூரில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அன்றைக்கு அம்மா அழுதுகொண்டே பாயசம் வைத்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சேற்றைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவளே சூடு ஏறும் என்கிறாள். என்னுடைய கழித்தல் கணக்கோ வேறு சொல்கிறது. நான் கழித்தலைத்தான் நம்பினேன். ஊரே உறையப் போகிற நேரம் பார்த்து, கதகதப்பாக இருந்த ஒரே இடத்தையும் விட்டுவிட்டு வந்து, இந்த மனிதர் இப்படி நிம்மதியாகப் பாயசம் குடிக்கிறாரே என்று எனக்கு அழுகையாக வந்தது.