கடியாரத்தைக் கழற்றும் நாள்

வலக்கைச் சுட்டுவிரலை மடக்கி, அதன் புறத்தைக் கன்னத்தில் வைத்ததும் டாக்டர் ரஹ்மத்துல்லா கண்களை மூடிக்கொள்கிறார். விரல் நுனியை அவர் நம்புவதில்லை. நுனி பல வருஷம் ஊசியும் கத்தியும் பிடித்துக் காய்த்துப்போனது. சூட்டைச் சரியாகச் சொல்வது விரலின் முதுகுதான் என்பது அவர் கட்சி. வந்தவரின் ஒரு கன்னம், மறு கன்னம், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கத் தம் சொந்தக் கன்னம் என்று விரல் போய்வருகிறது. கண் திறக்கிறது. "இன்னும் அடுப்பு அணையல அப்பு. போயிட்டு அடுத்த மாசம் வா."

திண்டுக்கல் பேகம்பூரில், தோல் மண்டிகளின் வாடை காற்றோடு வந்துபோகும் ஒரு சந்தில் அவருடைய வைத்தியசாலை இருக்கிறது. எல்.எம்.பி. வைத்தியப் பட்டயம் படித்தவர். யுத்தகாலத்தில் பர்மா எல்லையில் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, குண்டு பட்டுச் சிதைந்த முகங்களைத் திருத்தும் சர்ஜன் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தவர். அன்று பிடித்த ஆவல் இன்றுவரை விடவில்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அவருக்குச் சோறு போடுகின்றன; ஆனால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு யாராவது உள்ளே வந்தால்தான் அவர் நாற்காலியின் நுனிக்கு வருகிறார். மூக்குத்தி குத்திப் புரையோடியவர்கள், பாம்படம் இழுத்து அறுந்த காதைத் தைக்கச் சொல்கிறவர்கள், மறுவை எடுக்கிறேன் என்று சுண்ணாம்பு வைத்துக் குழி பறித்துக்கொண்டவர்கள் எல்லோரும் அவரிடம் வந்து சேர்கிறார்கள். அழகுக்குச் செய்து அலங்கோலமானவற்றை அவர் 'பண்டிகைப் புண்' என்பார். "கொண்டாட்டத்துல வந்த புண்ணு. வைஞ்சுக்கிட்டே பாத்தா ஆறாது," என்பார்.

அவர் மேசைக்குப் பின்னால் சுவர் ஆணியில் நூல்கள் தொங்குகின்றன. முகத்துக்கு ஒரு நூல். காது மடலின் அடியில் நூலின் ஒரு முனையை வைத்து, கட்டியின் கீழ் விளிம்பு வரை இழுத்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவார். அடுத்த முறை அதே அளவை மீண்டும் எடுப்பார். முடிச்சின் மேல் முடிச்சு விழுந்தால் கட்டி ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். தள்ளி விழுந்தால் அது இன்னும் பயணத்தில் இருக்கிறது. சூடு தணிய வேண்டும். முடிச்சு நிலைக்க வேண்டும். இரண்டும் கூடும் வரைக்கும் கத்தி கொதிநீர்த் தட்டுக்குப் போகாது.

கூடிவிட்டால் அவர் வாய் திறந்து சொல்வதில்லை. இடக் கையிலிருக்கும் கடியாரத்தைக் கழற்றி, அறுவை முடியும் வரை வைத்திருக்கும்படி நோயாளியின் உள்ளங்கையில் கொடுத்துவிடுவார். "கத்தி புடிக்கிற கைக்கு மணி தெரியக் கூடாது," என்பது அவர் சொல்லும் காரணம். இதனால் அந்தச் சந்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வியே வேறாகிவிட்டது. "ஆப்பரேசன் எப்ப?" என்று யாரும் கேட்பதில்லை. "கடியாரம் கழண்டுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன வருஷம் தை மாதம் வடமதுரையிலிருந்து ராஜபார்ட் கருப்பணன் வந்தார். கோயில் திருவிழாக்களில் நாடகம் போடுகிறவர். கட்டைக் குரலில் பிடித்த பாட்டு ஊர்க்கோடியில் கேட்கும். கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய பிறகு அவருடைய கன்னங்கள் ஒட்டிப்போயின. கிரீடத்தோடு மேடையேறியவரைப் பார்த்து முன்வரிசையில் ஒருவன், "ராசா, உங்க நாட்டுலயும் பஞ்சமா?" என்று கத்தியிருக்கிறான். கொட்டகை முழுக்கச் சிரித்திருக்கிறது. அடுத்த வாரமே அவர் திருச்சியில் ஒரு லாட்ஜில், ரங்கூனில் தொழில் கற்றதாகச் சொல்லிக்கொண்ட ஒருவனிடம் போய், உருக்கிய மெழுகை இரு கன்னங்களிலும் ஊசியால் ஏற்றிக்கொண்டார். இரண்டு வருஷம் அரசர் செழிப்பாக இருந்தார். பிறகு இடக் கன்னம் சொன்னபடி கேட்க, வலக் கன்னம் மட்டும் சிவந்து, இறுகி, எலுமிச்சங்காய் போல ஒரு கட்டியாகத் திரண்டது.

"கீறி எடுத்துருங்க டாக்டரய்யா. மாசி பொறந்தா எனக்கு வரிசையா நாடகம் இருக்கு."

டாக்டர் விரல் முதுகை வைத்தார்; கண்ணை மூடினார்; திறந்தார். ஊதா மைப் பென்சிலைத் தண்ணீரில் தோய்த்து, காதுக்கு முன்னாலிருந்து வாய்க்கோடி வரை அந்தக் கன்னத்தில் கோடு ஒன்று இழுத்தார்.

"மகராசா, கண்ணாடியப் பாரு. இந்தக் கோட்டு வழியா ஒரு நரம்பு ஓடுது. ஒதட்டக் குவிக்கிறது, சிரிக்கிறது, எல்லாம் அதுதான். இப்ப உள்ள எல்லாம் வீங்கிச் செவந்து கெடக்கு. எது மெழுகு, எது சதை, எது நரம்புன்னு எனக்கே தெரியாது. இப்பக் கீறுனா கன்னம் வத்தும். வாயி ஒருபக்கமாத் தொங்கிரும். கன்னம் கோணுனா தாடி கட்டலாம். வாயி கோணுனா என்னத்தக் கட்டுவ?"

கருப்பணன் கண்ணாடியில் தம் வாயைப் பார்த்தார். உதடுகளைக் குவித்துச் சீழ்க்கையடித்தார். சத்தம் சுத்தமாக வந்தது. துண்டால் கன்னத்தை மூடிக்கொண்டு எழுந்தார்.

அந்தப் பருவத்தில் அவர் தாடி கட்டிக்கொண்டு முனிவர் வேஷத்தில் ஒதுங்கினார். வீக்கம் வற்ற டாக்டர் மாத்திரை கொடுத்தார். வெயிலில் நிற்கக் கூடாது, வலப்பக்கம் படுக்கக் கூடாது, கன்னத்தை அமுக்கிப் பார்க்கக் கூடாது என்றார். சிவப்பு மெல்ல மங்கியது. ஆனால் நூல் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் முடிச்சு கொஞ்சம் தள்ளி விழுந்தது. எலுமிச்சங்காய் தாடையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் புதிர் டாக்டரைப் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது நூலை எடுத்துப் பார்ப்பார். மேடையில் எரியும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் அனல்தான் மெழுகை இளக்குகிறதோ என்று ஒரு சந்தேகம். ஆடி மாதம் ஒரு நண்பகலில், வைத்தியசாலைக்குள் பெட்ரோமாக்ஸைக் கொளுத்தி, மேடையில் நிற்கும் தூரத்தில் கருப்பணனை நிறுத்தினார்.

"பாடு."

"இங்கயா?"

"சும்மா நின்னா எப்படி? மேடையில என்ன செய்வியோ அதச் செய்யி."

கருப்பணன் தொண்டையைச் செருமிக்கொண்டு தர்பார் பாட்டை எடுத்தார். காத்திருந்த கூட்டம் எழுந்து வாசலில் குவிந்தது. அய்யலூர்ச் சந்தையில் ஆடு முட்டிக் காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் நொண்டிக்கொண்டு முன்னால் வந்து, "டாக்டரய்யா, தரை டிக்கெட்டு எம்புட்டு?" என்றார். கம்பவுண்டர் சூசைமாணிக்கம் மருந்துக் கலயத்தில் கரண்டியால் தாளம் போட்டார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கன்னத்தில் விரலை வைத்தார். நூலை இழுத்தார். விளக்கைக் கொளுத்துமுன் போட்ட முடிச்சு இருந்த இடத்திலேயே இருந்தது. விளக்கு நிரபராதி.

முகம் சுருங்க நூலைச் சுருட்டியவர், அப்போதுதான் கருப்பணனின் காதோரம் குனிந்து முகர்ந்தார். மடலுக்குக் கீழே பச்சையாக ஒரு தீற்றல் இருந்தது.

"இது என்ன வாடை?"

கருப்பணன் மனைவியைப் பார்த்தார். ராமுத்தாய் வாசற்படியோரம் நின்றிருந்தாள்.

"ஆமணக்கெல அய்யா. வெளக்கெண்ணெ தடவி, அனல்ல வாட்டி, அது மேல உப்பு ஒத்தடம் வைக்கிறேன். ராத்திரி தவறாம."

"யாரு சொன்னா தாயி?"

"யாரு சொல்லணும்? வீக்கம்னா ஒத்தடம் குடுக்காம, பாத்துக்கிட்டா இருப்பாக? செவப்பெல்லாம் மங்கிருச்சுல்ல? எம்புட்டு இதமா இருக்குன்னு அவுகளயே கேளுங்க."

"இதமாத்தான் இருக்கும். உள்ள இருக்கிறது வீக்கம் மட்டுமில்ல தாயி, மெழுகு. நான் இங்க அது ஒறைஞ்சு உக்காரட்டும்னு மாசக்கணக்காக் காத்துக் கெடக்கேன். நீ ராத்திரிக்கு ராத்திரி அதுக்கு அடுப்பு மூட்டி வழியக் காட்டுறியே!"

வாசலில் சிரிப்பு எழுந்தது. ராமுத்தாய் சிரிக்கவில்லை. ஒத்தடம் கொடுத்த கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். டாக்டர் அதைக் கவனித்தார். "நீ நெனச்சதுல தப்பு இல்ல. வேற எந்த வீக்கமா இருந்தாலும் நானே அதத்தான் சொல்லியிருப்பேன்," என்றார். பிறகு பழைய நூலை அவிழ்த்துக் குப்பைக் கூடையில் போட்டு, புதிதாக ஒன்றை ஆணியில் மாட்டினார். முதலிலிருந்து.

புது நூலைக் கண்டதும் கருப்பணன் வெடித்தார். "இன்னொரு வருசமா? மாசியிலயும் தாடியோட வந்தா ராஜபார்ட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு ஏஜெண்டு சொல்லிட்டான். நீங்க கீறுறியளா, நான் சவரக் கத்தியால கீறிக்கிறவா?"

"கீறிக்க. கீறுறதுக்கு முன்னால ஒரு சீட்டி அடிச்சிட்டுக் கீறு. கடேசிச் சீட்டிய நானும் கேட்டுக்கிறேன்."

கருப்பணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவர் மறுபடி வருவாரா என்று சூசைமாணிக்கம் கேட்டதற்கு டாக்டர், "அந்தம்மா கூட்டியாரும்," என்றார்.

கூட்டிவந்தாள். ஆவணி, ஐப்பசி, கார்த்திகை. விரல் முதுகு சூடு இல்லை என்றது. முடிச்சின் மேல் முடிச்சு விழுந்தது. டாக்டருக்கு அப்போதும் போதவில்லை. மறுபடி பெட்ரோமாக்ஸைக் கொளுத்திப் பாடச் சொன்னார். சீழ்க்கை கேட்டார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். மார்கழிக் கடைசியில், நூலை ஆணியில் மாட்டினார். பிறகு மணிக்கட்டில் வாரை அவிழ்த்தார். வெளியே பெஞ்சில் இருந்த யாரோ, "கழண்டுருச்சுடா!" என்றார்கள்.

கத்தி வாய்க்குள்ளிருந்து போனது. வெளித்தோலில் கோடு விழாது. முழு மெழுகையும் எடுக்க முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார். திரண்ட கட்டியை மட்டும் எடுத்தார்; சதையோடு கலந்துபோனதைத் தொடாமல் விட்டார். தையல் முடிந்தபோது கருப்பணனின் வலப்புற உதடு தொங்கிக் கிடந்தது. ராமுத்தாய் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மரப்பு ஊசியாலயும் தொங்கும்; நரம்பு போனாலும் தொங்கும்," என்றார் டாக்டர். "எதுன்னு ஊசி எறங்குனாத்தான் தெரியும். செத்த நேரம் இருங்க."

அவரும் மற்ற நோயாளிகளைப் பார்க்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேரம் பார்ப்பதற்கு இடக் கை இரண்டு முறை முகத்துக்கு நேரே உயர்ந்தது. அங்கே வெளுத்த தோல்தான் இருந்தது. கடியாரம் கருப்பணனின் மூடிய கைக்குள் இருந்தது. ராமுத்தாய் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுவரோரம் நின்றாள். பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது கருப்பணன் உதட்டைத் தடவி, குளறலாக, "எறும்பு ஊறுது," என்றார்.

"வலிச்சாலும் பரவாயில்ல. மெதுவா ஒண்ணு அடி."

உதடுகள் கூடின. காற்று மட்டும் வந்தது. கருப்பணன் எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி குவித்தார். மறுபடியும் காற்றுதான். மூன்றாம் முறை அந்தக் காற்றுக்குள்ளிருந்து, நூலைப் போல மெலிதாக, ஒரு சீழ்க்கை எழுந்து நின்றது.

கடியாரத்தைக் கட்டிக்கொள்வதற்காக டாக்டர் இடக் கையை நீட்டினார்.