பூசையில் சொன்ன சமாதானம்

மூன்று நாள் மௌன தியானத்துக்குப் போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீயா? பேசாம? மூணு நாளு?" என்றார். இருபத்தெட்டு வருஷமாக நாலாம் வகுப்பில் கத்திக் கத்தியே பிழைக்கிறவள் நான். வீட்டிலும் அதே தொண்டைதான். அவரை ஜெயித்துக் காட்டும் வீம்பில்தான் பெயர் கொடுத்தேன். பக்தி கொஞ்சம்தான்.

தியான இல்லம் திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை போகிற வழியில், சோளக்காடுகளுக்கு நடுவே இருந்தது. வாசலில் பெயர் எழுதிய சிஸ்டர் என் செல்போனை வாங்கி ஒரு கவரில் போட்டுவிட்டு, என்னையும் எனக்குப் பின்னால் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே ஜாடையா இருக்கீங்களே, அக்கா தங்கச்சியா? அப்ப ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருங்க" என்று சாவியைக் கொடுத்தார். திரும்பினால், என் தங்கையேதான். ஆயக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். நாங்கள் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. வேறு அறை கேட்க நான் வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அதிலிருந்து ஞாயிறு மதியம் வரை யாரும் யாரோடும் பேசக்கூடாது.

சண்டைக்குக் காரணம் என் வாய். அவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தது நான். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரின் மகன். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் முதல் ஓலை வாசித்த மறுநாள், அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த டீச்சர் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று எனக்கு ஆத்திரம். அடுத்த வாரம் எங்கள் அண்ணன் வீட்டுப் பந்தியில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "ஒழுங்கா வளத்திருந்தா இப்பிடி ஊர் சிரிக்க வச்சிருப்பாளா?" என்று தங்கையைக் கேட்டேன். அதைவிட மோசமாக இன்னொன்றும் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். ரசவாளியோடு அந்தப் பெண் என் பக்கத்தில்தான் நின்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். பின்னாலேயே தங்கையும் போனாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு அவள் விரும்பினவனோடு கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார் ஃபாதர். என் மூச்சு மூக்கில் நிற்கவில்லை. அண்ணன் வீட்டுப் பந்திக்கே போய்ப் போய் வந்தது. உள்ளுக்குள் தங்கையோடு வாதாடி, ஒவ்வொரு தடவையும் நானே ஜெயித்தேன். நாற்பது நிமிஷமாவது ஆகியிருக்கும் என்று கண்ணைத் திறந்தால் ஏழு நிமிஷம்தான் ஆகியிருந்தது. கால் மரத்து, முதுகு வலித்து, பசியும் எடுத்தது. அடுத்த வரிசையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் போய்விட்டது போல. எனக்குத் தெரியாது. யார் வந்து சொல்வார்கள்?

உண்மையைச் சொன்னால், பேசக்கூடாது என்ற விதி எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. வெளியே அவளோடு பேசாமல் இருந்தால் அது என் திமிர். இங்கே பேசாமல் இருந்தால் நான் நல்ல பிள்ளை. ஒரே அறையில் இரண்டு கட்டிலில் முதுகு காட்டிப் படுத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டில் நான் ஊறுகாய்க்குக் கை நீட்டினேன். எதிரில் இருந்த தங்கை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தப் பாட்டிலை எடுத்து மேசையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டாள். எனக்கு பிரஷர் வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. நான் அவளுக்குச் சொல்லவில்லை. யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதேன்.

அன்று மாலை வாதாட ஒன்றும் மிச்சமில்லை. "நான் சொன்னது தப்பு. ஒம் மககிட்டயும் வந்து சொல்றேன்." இதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன். மௌனம் முடிந்ததும் முதல் காரியம் இதுதான் என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் ஃபாதர். அவள் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். கண் நிறைந்திருந்தது. நானும் கைகூப்பி, "சமாதானம்" என்றேன். நாலு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை. நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. சாமி முன்னாலேயே எல்லாம் முடிந்தது, இனிப் பழசைக் கிளறுவானேன் என்று நினைத்தேன். எனக்கு அது எவ்வளவு வசதி!

சாப்பாட்டோடு மௌனம் முடிந்தது. வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மூன்று நாள் பாக்கியையும் சேர்த்துப் பேசினேன். புது ஹெச்.எம்., முழங்காலுக்குத் தைலம், அவள் தோட்டத்துக் கொய்யா, எல்லாம் பேசினேன். அவள் ம் கொட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்திருந்தாள். கணவர் டூவீலரில் வந்ததும், "வாரேன்டி" என்று ஏறி உட்கார்ந்தேன். அவள் இன்னும் செத்த நேரம் வாசலிலேயே நின்றாள். பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு மாசம் கழித்து, அண்ணனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு ஞானஸ்நானப் போட்டோ. தங்கை மகளின் குழந்தை. எல்லோரும் இருந்தார்கள். கோபம் பொத்துக்கொண்டு வர, தங்கைக்குப் போன் போட்டேன். "அன்னைக்குப் பூசையிலயே சமாதானம் சொல்லிட்டமேடி, இன்னும் என்ன?" என்று கத்தினேன்.

"அது பூசையில எல்லாரும் சொல்றதுதான், அக்கா. எம் பக்கத்துல யாரு நின்னாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். நீயுந்தான்" என்றாள்.

"சரி, மன்னிச்சிரு. நான் சொன்னது தப்பு."

"எங்கிட்ட எதுக்குக்கா? நான் ஒன்னையப் பாத்ததுமே மனசுல இருந்தத விட்டுட்டேன். எம் மகதான் இன்னும் விடல. ஒன்னையத் தியானத்துல பாத்தேன்னு அவகிட்டச் சொன்னேன். 'பெரியம்மா என்னையப் பத்தி என்னம்மா சொன்னாங்க?'ன்னு கேட்டா. தப்புன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஞானஸ்நானத்துக்குக் கூப்புடலாம்னு இருந்திருக்கா. நான் என்னத்தச் சொல்ல? கொய்யா காய்ப்பு எப்பிடின்னு கேட்டாங்கன்னா சொல்ல?"

அவள் கோபமாகக்கூடப் பேசவில்லை.

அந்தப் பெண் இருப்பது திண்டுக்கல்லில்தான். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நாலு ஸ்டாப். இரண்டு தடவை இறங்கித் தெருமுனை வரை போனேன். பந்தியில் அத்தனை பேர் முன்னால் அவளைச் சொன்ன வாய், ஒருத்தி முன்னால் நிற்கப் பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது. குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. நேரில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது.