ஐந்தாம் கட்டத்துக் கையெழுத்து

இதைக் கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு மணி நேரம் சைக்கிள் மிதித்தவனுக்குத் தூக்கக் கலக்கம் என்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள், அந்த போட்டோவைப் பார்க்கும் வரை.

அறுநூறு கிலோமீட்டரை நாற்பது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பரிசெல்லாம் கிடையாது. ஏழு கட்டம் போட்ட அட்டை ஒன்று தருவார்கள். வழியில் குறித்த ஏழு கடைகளில் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கட்டம் காலி என்றாலும் அங்கீகாரம் கிடைக்காது; ஓட்டியது ஓட்டாத கணக்குதான். அந்த அங்கீகாரம் இருந்தால்தான் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்கலாம். எனக்கு அது இரண்டு முறை கை நழுவிப் போனது. ஒரு முறை முட்டி காலை வாரியது. இன்னொரு முறை பதினொரு நிமிடத் தாமதம்! "முதுகு வலிய காசு குடுத்து வாங்குற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்பாள் மனைவி.

ஐந்தாவது கடையை அடைந்தபோது அதிகாலை 3.04. ஷட்டர் இறங்கியிருந்தது. திறக்க ஆறு மணியாகும். அதுவரை நின்றால் நேரம் போச்சு. கடை மூடியிருந்தால், உடன் ஓட்டும் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடலாம் என்று விதி உண்டு. ஆனால் முன்னும் பின்னும் ஈ காக்கை இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டிக்... டிக்... டிக்...

சைக்கிள் ஒன்றை யாரோ தள்ளிக்கொண்டு வந்தார். நெஞ்சில் 47 என்ற எண். அப்பாடா என்றிருந்தது.

"கடை மூடிட்டாங்களா?"

"ஆமாண்ணே. நீங்க எனக்குப் போடுங்க, நான் உங்களுக்குப் போடுறேன்."

"ரொம்ப நேரமா ஆள் தேடுறேன்" என்றார்.

அவர் அட்டை சொதசொதவென்று நனைந்திருந்தது. மழையே இல்லை. அதில் கையெழுத்துப் போட்டு, நேரம் 3.10 என்று எழுதினேன். அவரும் என் அட்டையில் போட்டுக் கொடுத்தார்.

குளிரில் என் வாயிலிருந்து புகை வந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை.

என் விளக்கு நேராக அடித்தும் அவர் ஜாக்கெட்டின் ரிஃப்ளெக்டர் பட்டை மின்னவில்லை...

பேனாவைப் பைக்குள் வைத்து நிமிர்ந்தேன்.

சாலை காலி.

சத்தமும் இல்லை.

மிதித்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

முப்பத்தெட்டு மணி நேரத்தில் முடித்தேன். அட்டையை வாங்கிய ஒருங்கிணைப்பாளர் அக்கா ஐந்தாம் கட்டத்தில் நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"நாப்பத்தேழாம் நம்பர்காரர்க்கா."

"இந்தத் தடவ வந்ததே முப்பத்தாறு பேர்தான்."

அவர் முகம் வெளுத்தது. நான்கு வருடங்களுக்கு முன் 47ஆம் எண்காரர் ஒருவர் அந்தக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் கொட்டும் மழையில் லாரி மோதி இறந்தாராம். அட்டையை வீட்டாரிடம் கொடுத்துவிட்டார்களாம். கையெழுத்து அவருடையதுதானா என்று கேட்டு, அக்கா என் அட்டையை போட்டோ எடுத்து இறந்தவரின் மனைவிக்கு அனுப்பினார்.

பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. பீரோவில் பூட்டி வைத்திருந்த அட்டை. நான்கு கட்டம் பழைய மை. ஐந்தாவதில் என் கையெழுத்து. 3.10.

இறந்தவர் சாட்சி செல்லாது என்று என் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டார்கள். இனி சைக்கிளையே தொடுவதில்லை என்று மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நேற்று அந்த அம்மா போன் செய்தார்.

"அவருக்கு இன்னும் ரெண்டு கட்டம் பாக்கி இருக்கு தம்பி... நீங்க மறுபடி எப்ப ஓட்டுறீங்க?"